பட்டி போடாத மட்கார்டு

முன்பக்கத்து வலது மட்கார்டில் கை நுழையும் அளவு ஓட்டைகள் பதினொன்று இருந்தன. விரல் மட்டும் நுழையும் ஓட்டைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கதவுகளின் அடிப்பகுதி பிஸ்கட்போல நொறுங்கியது. இடது மட்கார்டு மட்டும் முழுதாக இருந்தது. இவ்வளவும் ஜூன் மாதத்து முதல் ஞாயிறன்று டைரியில் எழுதியது.

அது அப்பாவின் கார். ஐம்பதுகளில் வந்த, முட்டைபோல உருண்ட சிறிய சீமைக் கார். அப்பா போனபின் பதினாறு வருடம் எங்கள் காக்ஸ் டவுன் வீட்டின் பக்கச் சந்தில், பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் நின்றது. பழுத்த பழங்கள் கூரையில் விழுந்து அழுகி, அழுகிய இடமெல்லாம் துரு பிடித்தது. வீட்டின் முன்பாதி அண்ணாவுக்கு, பின்பாதி எனக்கு என்று பிரிந்தபோது யாருக்கும் வேண்டாத பொருளாக அந்தக் கார் எனக்கு வந்தது. சந்து இருவருக்கும் பொது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு புதுக் கார் வந்துகொண்டிருந்தது. அண்ணாவும் ஒன்றுக்குப் பதிவு செய்திருந்தார்.

"ஆயுத பூஜைக்கு என் வண்டி வருது. சந்து காலியா இருக்கணும். பழைய இரும்பு வாங்கற குஜிரிக்காரன்கிட்ட சொல்லிட்டேன், வந்து அறுத்து எடுத்துட்டுப் போவான்" என்றார்.

"நான் இதைச் சரி பண்ணப் போறேன்."

"நீயா? குக்கர் கைப்பிடி லூசானாலே 'அண்ணா, அண்ணா'ன்னு முன்பக்கம் ஓடி வருவே."

அது உண்மை. "இனிமே வரமாட்டேன்" என்றேன். அன்றே ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கினேன்.

அண்ணா நிபந்தனை போட்டார். பூஜைக்குள் அந்த உடம்பு காராக வேண்டும். எஞ்சினைப் பற்றி அவர் கேட்கவில்லை. அது ஓடாது என்று முடிவே செய்திருந்தார். "உன் கண்ணுக்குக் காரா தெரிஞ்சா போதாது. மேஸ்திரி பார்த்து 'இது கார்'னு சொல்லணும். சொன்னா சந்து உனக்கு. இல்லேன்னா குஜிரி."

மேஸ்திரி என்பவர் பக்கத்து ஜீவனஹள்ளியில் டிங்கரிங் ஷெட் வைத்திருந்தவர். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். வந்து, மட்கார்டை விரலால் சுண்டினார். துருப்பொடி கொட்டியது.

"மேடம், நாலு கிலோ பட்டி, ரெண்டு கோட்டு பெயிண்ட். பூஜைக்கு ஜம்முனு நிக்கும்."

பட்டி என்பது ஓட்டையையும் நெளிவையும் பூசி மறைக்கும் பசை.

"அடுத்த மழைக்கு?"

"அடுத்த மழையைப் பத்தி அடுத்த மழையில பேசலாம் மேடம்."

"பட்டி வேண்டாம். தகடு வெச்சுதான் செய்யணும்."

"இந்த வளைவைத் தகட்டுல அடிக்க எனக்கே மூணு மாசம் ஆகும். சும்னே வீணா தகரத்தோட குஸ்தி எதுக்கு? வேணும்னா நீங்களே அடிச்சுக்கோங்க."

"அடிச்சுக்கறேன்" என்றேன். அண்ணா சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை, பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு அதுதான் அதிகம் உறைத்தது.

நான் ஓர் அரசு அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் ட்ரேசர். மூலப்படத்தின் மேல் ட்ரேசிங் துணியை விரித்து, கோட்டுக்குக் கோடு நகலெடுப்பது வேலை. அங்கே முதல் நாள் சொல்லித்தந்த விதி: ட்ரேசர் திருத்தக் கூடாது. மூலத்தில் கோடு கோணலாக இருந்தால் நகலிலும் கோணலாகத்தான் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடலாம். பதில் வந்ததும் அதை அழித்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு கோட்டைக்கூடத் திருத்தியதில்லை.

அந்த முறையையே கையாண்டேன். இடது மட்கார்டின் பெயிண்டைச் சுரண்டி எடுத்தேன். நடுவில் ஓரிடத்தில் மட்டும் பெயிண்ட் தடித்தடியாகப் பெயர்ந்து வந்தது. அதை டைரியில் எழுதினேன், யோசிக்கவில்லை. ஈயம் பொதிந்த ரப்பர் வளைகோல் ஒன்று என்னிடம் உண்டு. எப்படி வளைத்தாலும் அப்படியே நிற்கும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு அதை அழுத்தி வளைவை எடுத்து, காகிதத்தில் வரைந்தேன். மொத்தம் இருபத்து மூன்று குறுக்குவெட்டுகள். பன்னிரண்டாவதில் கால் அங்குலம் ஒரு பள்ளம் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன். மூலத்தில் இருப்பது இருக்கட்டும் என்று மேலே போனேன்.

காகிதங்களைத் திருப்பிப் போட்டால் இடது வலதாகிவிடும். அந்த அளவில் பிளைவுட் அறுத்து வரிசையாக நிறுத்தி ஒரு கூடு செய்தேன். மணல் மூட்டையில் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் அடிப்பது, கூட்டின் மேல் வைத்துப் பார்ப்பது, மறுபடி அடிப்பது. முதல் இரண்டு தகடுகள் அப்பளம்போலச் சுருண்டு வீணாயின. மூன்றாவது படிந்தது.

புடவையை முழங்கால் வரை செருகிக்கொண்டு நான் அடித்ததைப் பார்க்க மதில்மேல் தலைகள் முளைத்தன. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டார்: "ஏம்மா, நாப்பத்தஞ்சு வயசுல இதெல்லாம் தேவையா?"

"ஐம்பதுல ஆரம்பிச்சா கை வலிக்கும்ல ஆன்ட்டி, அதான்" என்றேன். தலை மறைந்தது.

இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்யும் ஒருவரிடம் துண்டுகளை ஒவ்வொன்றாக ஆட்டோவில் கொண்டுபோய் வெல்டிங் வைத்துக்கொண்டேன். கதவுகளுக்கும் அடித்தகடு புதிதாக வைத்தேன். செப்டம்பரில் எல்லாம் பொருந்தியது. துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பூசியதும் சந்தில் ஒரு சிவப்புக் கார் நின்றது.

பூஜைக்கு நான்கு நாள் முன்பு அண்ணா மேஸ்திரியை அழைத்து வந்தார். மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பட்டியில் காந்தம் ஒட்டாது. வலது மட்கார்டில் ஒன்பது இடங்களில் வைத்தார். ஒன்பதிலும் ஒட்டியது.

"பட்டி இல்ல சார். அத்தனையும் தகடு" என்றார் அண்ணாவிடம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மட்கார்டைத் தடவினார். நடுவில் கை நின்றது. இடப்பக்கம் போய்த் தடவினார். மறுபடி வலப்பக்கம் வந்தார். தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"மேடம், இந்த லெஃப்ட் பழைய அடி வாங்கினது. எவனோ அரைகுறையா இழுத்து பட்டி போட்டு மறைச்சிருக்கான். நீங்க பட்டியைச் சுரண்டிட்டு அந்த அடியைப் பார்த்து ரைட்லயும் செஞ்சு வெச்சிருக்கீங்க!"

டைரியைப் பிரித்தேன். பன்னிரண்டாவது வெட்டு, கால் அங்குலம், கேள்விக்குறி. தடித்தடியாகப் பெயர்ந்த பெயிண்ட். எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. பட்டியே ஆகாது என்று நின்ற நான் பட்டியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

அண்ணா சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சந்து வாசலில் இருந்த கேட்டின் கல்தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா டூர் போயிருந்தப்போ" என்றார் மெதுவாக. "எனக்குப் பதினெட்டு வயசு. ரிவர்ஸ்ல வந்து வெளிய திருப்பறப்போ தூண்ல உரசிட்டேன். அவர் வர்றதுக்குள்ள ஒருத்தன்கிட்ட குடுத்து... கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

பிறகு அண்ணாவுக்குப் பழைய குரல் திரும்பியது. "சரி, அப்போ இது தப்பு. ஒண்ணு இல்ல, ரெண்டு. மேஸ்திரி, ரெண்டுலயும் பட்டி போட்டு நேராக்குங்க. பூஜைக்குள்ள முடியும்னா பார்க்கலாம். இல்லேன்னா குஜிரிதான்."

"பட்டி போட விடமாட்டேன்."

"அடிபட்ட மட்கார்டை எவளாவது பார்த்துப் பார்த்து அடிபட்ட மாதிரியே செய்வாளா?"

"நான் செஞ்சேன். நீ ஒரு செகண்டுல தூண்ல இடிச்சுப் பண்ணினதை நான் மூணு மாசம் சுத்தியலால அடிச்சுப் பண்ணியிருக்கேன். என்னுது நிக்கும்." மேஸ்திரியின் பக்கம் திரும்பினேன். "நேரா இருக்கா, அழகா இருக்கா, அதெல்லாம் பேச்சு இல்ல. இது காரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மேஸ்திரி காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டார். நேர் எதிரே பத்தடி தள்ளிப் போய் நின்று, தலையைச் சாய்த்து இரண்டு மட்கார்டுகளையும் பார்த்தார்.

"ஒரு பக்கம் இருந்தா அடி சார். ரெண்டு பக்கமும் இருந்தா மாடல்" என்றார். "கார்தான்."

ஆயுத பூஜையன்று அண்ணாவின் புது வண்டி தெருவில் நின்றது. அதன் முன் உடைத்த பூசணிக்காயை ஒரு மாடு மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. சந்தில் என் காருக்கு வாழைக்கன்று கட்டி, சுத்தியலுக்கும் வளைகோலுக்கும் குங்குமம் வைத்தேன்.

அடுத்த மாதம் பெயிண்ட் அடித்தபோது உடம்பு முழுக்கக் கரும்பச்சை கொடுத்தேன். இரண்டு பள்ளங்களிலிருந்தும் தொடங்கி, கதவுகளின் வழியாகப் பின் விளக்கு வரை கிரீம் நிறத்தில் ஒரு பட்டை ஓடவிட்டேன். கம்பெனியிலிருந்து வந்தபோது அந்தக் காருக்கு அப்படிப் பட்டை கிடையாது. தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பட்டையின் அகலம் ஒன்றேகால் அங்குலம், இரண்டு பக்கமும். டைரியின் அந்தப் பக்கத்தில் கேள்விக்குறியை நான் அழிக்கவில்லை. பக்கத்தில் மையால் எழுதினேன்: "அண்ணா, கேட்டுத் தூண். அப்படியே இருக்கட்டும்."