வியர்த்த துப்பாக்கி

பின்லாந்தில் கூஹ்மோ ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப். இருபத்தெட்டு வருஷமாக அதை ஊற்றிக்கொண்டிருந்தவள் ஹில்க்கா தோலோனன். பேச்சு குறைவு. தட்டை நீட்டும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே இது யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவாள். அந்தப் பிள்ளையின் அப்பனும் அம்மாவும் ஒரு காலத்தில் தன்னை என்ன பேர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்பதும் அவளுக்கு மறக்கவில்லை. யார் தட்டிலும் அவள் ஒரு கரண்டி குறைத்ததில்லை. குறைக்க வேண்டும் என்று கை துடிக்காத வியாழக்கிழமையும் இருந்ததில்லை.

‘ஒத்தவெடி.’ அதுதான் பேர். முதலில் அது அவள் அப்பா ஈவாரியின் பேராக இருந்தது. நாற்பதாம் வருஷம் ஜனவரி மாதம், ரஷ்யர்கள் ஏரியைத் தாண்டி வந்த ஒரு விடியற்காலையில், ஈவாரியின் கையில் பத்துப் பேர் கொண்ட பிரிவுக்கு ஒன்றாகக் கொடுக்கப்பட்ட இலகு இயந்திரத் துப்பாக்கி இருந்தது. ஒரு வெடி வெடித்தது. அப்புறம் ஊமையாகிவிட்டது. அந்தப் பத்துப் பேரில் மூன்று பேர் அங்கேயே செத்தார்கள். மூன்று பேரும் ஊர்க்காரர்கள். ஈவாரிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பிரிவுத் தலைவன் ஆர்வோ கெம்ப்பைனன் விடுப்பில் ஊருக்கு வந்து சொன்னது ஒரே வரிதான்: “ஈவாரியோட துப்பாக்கி பேசியிருந்தா அவங்க மூணு பேரும் இருந்திருப்பாங்க.” அது போதுமானதாக இருந்தது. துப்பாக்கியைத் துடைக்காத சோம்பேறி என்றார்கள். பயத்தில் கை நடுங்கிப் பிடிக்கத் தெரியாமல் போனவன் என்றார்கள். ஆர்வோ பிற்பாடு மரமறுக்கும் ஆலையில் மேஸ்திரியானார். ஈவாரிக்கு அங்கே கிடைத்த வேலை, ஈரக் கட்டைகளைத் தண்ணீரிலிருந்து கொக்கி போட்டு இழுப்பது. இருபது வருஷம் அதே வேலை. போரில் செத்தவர்களின் கல்லறைக்கு ஊரே வரிசையாகப் போகும் நாளில் அவர் வீட்டில் விறகு பிளந்துகொண்டிருப்பார். வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தால், “துப்பாக்கி நின்னுபோச்சு” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. எழுபத்தொன்றில் அப்படியே செத்தும் போனார்.

ஒத்தவெடி மகள் என்று கூப்பிட்ட பள்ளிக்கூடத்தை ஹில்க்கா பதிமூன்று வயதில் விட்டாள். திரும்பவும் அதே கட்டடத்துக்குள் நுழைந்தது கரண்டியோடுதான்.

நாற்பத்தாறாவது வயதில் அவளுக்கு ஒரு வெறி பிடித்தது. அப்பா பிடித்திருந்த அதே ரகத் துப்பாக்கி தனக்கு வேண்டும். இருபத்தாறாம் வருஷத்து மாதிரி என்பதால் சிப்பாய்கள் அதை ‘இருபத்தாறு’ என்பார்கள். குளிரில் மக்கர் பண்ணும் என்று அதற்கு ஒரு கெட்ட பேர் உண்டு. அந்தக் கெட்ட பேரை ஊரே கண்ணால் பார்க்க வேண்டும். தப்பு அப்பா மேல் இல்லை, இரும்பின் மேல்தான் என்று ஆர்வோ கெம்ப்பைனனின் வாயாலேயே வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காவல் நிலையத்தில் விண்ணப்பத்தைப் பார்த்தவர் கேட்டார்: “இது உங்க வீட்டுக்காரருக்கா?”

“எனக்கு.”

“வேட்டைத் துப்பாக்கின்னா பரவாயில்ல. இது சண்டைக்குப் போற சாமானாச்சேம்மா.”

“சண்டை முடிஞ்சு போச்சு. படிவத்தை வாங்கிக்கிறீங்களா, இல்லையா?”

பழைய ஆயுதச் சேகரிப்பாளர் சங்கத்தின் முதல் கூட்டத்துக்குப் போனபோது, வாசலில் நின்றவர் அவள் கையில் பலகாரத் தட்டு இருக்கிறதா என்று தேடினார். அவள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தாள். எந்த உறுப்பில் எந்த முத்திரை இருக்க வேண்டும், எண்கள் ஒத்துப்போகாவிட்டால் எதைச் சந்தேகப்பட வேண்டும், எதைத் துடைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் கேட்டுக் கேட்டே மனதில் ஏறியது. பலகாரம் ஒருநாளும் கொண்டுபோகவில்லை.

அனுமதி வந்தது. ஓய்வுபெற்ற ஒரு பல்வைத்தியரின் சேகரிப்பிலிருந்து துப்பாக்கியும் வந்தது. மளிகைச் சாமான் வைக்கும் சிற்றறையில் இரும்புப் பெட்டி ஒன்றைச் சுவரோடு திருகி இறுக்கி, அதற்குள் வைத்தாள். ஒன்பது கிலோ. சூப் அண்டா தூக்கிய கைக்கு அது ஒரு பாரமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேஜையில் துண்டு விரித்து அதை உறுப்பு உறுப்பாகப் பிரிப்பாள். லாரி ஓட்டும் கணவன் பெய்க்கோ, காபிக் கோப்பையை வைக்க இடமில்லாமல் ஜன்னல் விளிம்பில் வைத்துக் குடிப்பான்.

“ஊர்ல மத்தவன் பொண்டாட்டி எல்லாம் கம்பளி பின்னுறா.”

“நீ ஏன் மத்தவன் பொண்டாட்டியப் பாக்குற?”

தொண்ணூற்று நான்கு பிப்ரவரியில் நாள் குறித்தாள். சுடும் களத்தைப் பார்த்துக்கொள்ளும் ரைமோ, காவல்துறையிடம் தனியாக ஒப்புதல் வாங்கிக் கொடுத்தான். பழைய ஆயுதம் ஒன்றைச் சுட்டுக் காட்டுகிறோம், வாருங்கள் என்று முன்னாள் சிப்பாய்களுக்குச் சொல்லி அனுப்பினான். நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆர்வோ. எழுபத்தாறு வயது, கரடித்தோல் தொப்பி, வளையாத முதுகு.

குளிர் இருபத்தொன்பது டிகிரி உறைநிலைக்குக் கீழே. துப்பாக்கி முதல்நாள் மாலையிலிருந்தே விறகுக் கொட்டகையில் கிடந்தது. இந்தக் குளிரில் நிச்சயம் நிற்கும் என்று ஹில்க்கா நம்பினாள். பனியில் குப்புறப் படுத்து, இருபது தோட்டா அடைத்த பெட்டியைப் பொருத்தி, விசையை அழுத்தினாள்.

இருபதும் வெடித்தன. ஒன்றுகூடச் சிக்கவில்லை. இன்னொரு பெட்டி போட்டாள். அதுவும் கடகடவென்று காலியாயிற்று.

பின்னால் நின்ற ஆர்வோ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பாள். “பாத்தியா பொண்ணே,” என்றார் மெதுவாக. “துப்பாக்கி மேல ஒரு குத்தமும் இல்ல. அத நான் அப்பவே சொன்னேன்.”

நான்கு வருஷம் உட்கார்ந்த கடைசி நாற்காலி, திருகிய இரும்புப் பெட்டி, எல்லாம் இதற்குத்தானா என்று நினைத்தாள். எழுந்து ரைமோவின் மரக் குடிலுக்குள் போனாள். உள்ளே அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. காபி ஊற்றினார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அது மரியாதையா இளக்காரமா என்று தெரியவில்லை.

ஆர்வோ ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பலகை மேல் துப்பாக்கி தனியாகக் கிடந்தது.

“ஏம்மா, அத இப்படிப் பனியிலயா போட்டுட்டு வருவே? உள்ள கொண்டாந்து அடுப்போரமா வை. கொஞ்சம் சூடு ஏறட்டும்.”

“அது அங்கேயே இருக்கட்டும்.”

“அப்பனைப் போலவே இருக்கே. அவனும் அன்னிக்கு ராத்திரி அத வெளிய மரத்துல சாத்தி வெச்சுட்டுத்தான் கூடாரத்துக்குள்ள வந்தான். எண்ணெய் உறைஞ்சிடும்டா, உள்ள எடுத்துட்டு வாடான்னு நான்தான் அதட்டினேன். முனகிக்கிட்டே கொண்டுவந்தான். அடுப்புப் பக்கத்துல படுக்க வெச்சோம், குழந்தைய வைக்கிற மாதிரி. அவ்வளவு பாத்துக்கிட்டும் காலையில அவனால சுட முடியல.”

ரைமோவின் கோப்பை பாதி வழியில் நின்றது. அவன் ஹில்க்காவைப் பார்த்தான்.

சேகரிப்பாளர் சங்கத்தில் புதிதாகச் சேர்பவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான். குளிரில் கிடந்த இரும்பைச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் அது வியர்க்கும். அந்த வியர்வை உள்ளே இருக்கிற ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கும். திரும்ப வெளியே எடுத்துப் போனால் அது பனிக்கட்டியாகிப் பூட்டிவிடும். காட்டில் வளர்ந்த ஈவாரிக்கு அது தெரிந்திருந்தது. பலசரக்குக் கடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்து, எழுதப் படிக்கத் தெரிந்ததால் தலைவனான ஆர்வோவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஹில்க்கா எழுந்தாள். வெளியே போய்த் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்போர பெஞ்சில் வைத்தாள்.

“இதான் புத்தி,” என்றார் ஆர்வோ.

கொஞ்ச நேரத்தில் இரும்பின் மேல் வெள்ளையாகப் பூத்தது. அப்புறம் அது உருகி, குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அவர்கள் இரண்டாம் காபி குடித்தார்கள். ஆர்வோ சொட்டுவதைப் பார்த்தார், பிறகு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார். ஒரு மணி நேரம் கழித்து அவள் துப்பாக்கியை வெளியே எடுத்துப் போய் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே முக்கால் மணி நேரம் நின்றாள். பிறகு எல்லோரையும் கூப்பிட்டாள்.

படுத்து விசையை அழுத்தினாள். ஒரு வெடி. அவ்வளவுதான்.

அடுத்த தோட்டாவை ஏற்றும் கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. ரைமோ குனிந்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். உள்ளே பற்றவைத்ததுபோல் இறுகிக் கிடந்தது.

“இப்ப சொல்லுங்க பெரியவரே,” என்றாள் ஹில்க்கா, படுத்தபடியே. “யாரு நிறுத்தினது இத?”

ஆர்வோ தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “அப்ப எனக்கு இருபத்திரெண்டு வயசு. எனக்கெப்படித் தெரியும்?”

“சரி, அப்ப தெரியாது. எப்பத் தெரிஞ்சுது?”

அவர் மற்ற மூன்று கிழவர்களையும் பார்த்தார். ஒருவரும் துணைக்கு வரவில்லை.

“அதே வருஷம் மார்ச்சுல,” என்றார். “ஆயுதம் பழுது பாக்குறவன் ஒருத்தன் சொன்னான். அதுக்குள்ள நான் ஊர்ல சொல்லிட்டேன், பேச்சு பரவிருச்சு. சொன்னதத் திருப்பி வாங்க முடியுமா? உங்கப்பனும் வாயத் திறக்கல. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான்...”

“சொல்லியிருந்தா நீங்க ஒத்துக்கிட்டிருப்பீங்க. அப்படியா?”

ஆர்வோ கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஐம்பத்து நாலு வருஷம் மறைச்சீங்க. அதுல இருபது வருஷம் அவரக் கட்டை இழுக்கவிட்டீங்க. கூலி நாள்ல பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினீங்க. அவர் முகத்தப் பாத்தீங்கதானே, அப்பல்லாம்?”

அவள் குரல் உயரவில்லை. அதனால்தான் ரைமோ இரண்டடி தள்ளிப் போனான். அப்பாவின் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. மூன்று சாவின் பழியைத் தன் தலையில் சுமக்கும் அளவுக்கு மேலதிகாரியின் மானம் பெரிதா? தன் பெண் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து நின்றபோதும் விறகு பிளந்துகொண்டிருந்தாரே, அந்தக் கோடாலியை ஒருமுறை கீழே போட்டிருக்கக் கூடாதா?

“வண்டியில ஏறுங்க,” என்றாள் ஆர்வோவிடம்.

“எங்க?”

“லெம்பி செப்பனென் வீட்டுக்கு.”

செத்த மூன்று பேரில் வில்ஹோ என்பவனின் தங்கை லெம்பி. தேவாலயத்தில் ஹில்க்காவின் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் லெம்பி எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவாள். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

அடுக்குமாடியின் இரண்டாம் தளம். லெம்பி கதவைத் திறந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஹில்க்கா சுவரோரம் நகர்ந்து ஆர்வோவுக்கு இடம் விட்டாள். அவர் வாசற்படியில் நின்றே சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். கூடாரம், அடுப்பு, தன் அதட்டல், மார்ச் மாதம். “ஈவாரி வேண்டாம்னுதான் சொன்னான்,” என்றும் சொன்னார். அதை ஹில்க்கா அப்போதுதான் கேட்டாள்.

லெம்பி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “காபி போட்டிருக்கேன்,” என்றாள். “ஹில்க்கா, நீ உள்ள வா. அவர் போகட்டும்.”

“வேண்டாம்.”

அந்த ஊர்ப் பக்கத்தில் கொடுக்கும் காபியை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. லெம்பியின் முகம் சுருங்கிப்போனது.

“எனக்குத் தெரியாதே, பொண்ணே.”

“நீங்களும் கேக்கல,” என்றாள் ஹில்க்கா. “அம்மா அந்தப் பெஞ்சுல தனியா உக்காந்திருந்தாங்க. எழுந்து போனீங்களே ஒழிய, ஒருநாளாவது கேட்டீங்களா? இப்ப ஒரு கப் காபியா?”

திரும்பிப் படியிறங்கினாள். ஆர்வோ கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கிவந்தார். வண்டியருகே நின்று மூச்சு வாங்கினார். மீசையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது.

“என்ன வீட்டுல விட்டுடும்மா. முடியல.”

ஹில்க்கா வண்டிக் கதவைத் திறந்து பிடித்தாள்.

“இன்னும் ரெண்டு வீடு இருக்கு,” என்றாள்.