எங்கள் சுவரில் போன ஒயர்

மார்ச் 14, சனிக்கிழமை, காலை பத்து இருபது, தூறல். என் அறையில் இரண்டாவது டிவிக்குக் கேபிள் இழுக்க வந்தவர் சுருளை அவிழ்த்ததும், புது ஒயர் வாசம் என்னைச் சிறுவயதுக்கு, வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலத்துத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனது.

தோட்டக் கணக்குப்பிள்ளையான கிராணி வீட்டு ரேடியோவிலிருந்து மேட்டிலிருந்த கங்காணி வீட்டுக்கு இன்னொரு ஒலிபெருக்கி வைத்தபோது, ஒயர் எங்கள் பலகைச் சுவரில் பதினொரு ஆணிகளில் ஏறிப்போனது. ஊரடங்கில் ஆறு மணிக்குமேல் அங்கே போய்க் கேட்கவும் முடியாது.

"உங்க சுவத்துலதான்டா பாட்டு போவுது, காத வச்சுக் கேளு!" என்பான் கங்காணி மகன் முருகேசன். வைத்தேன். குளிர்ந்த பலகை மட்டும்.

இன்று மலைமேல் பிரிஞ்சாங் ஊரில் அவன்தான் எனக்குப் பக்கத்து வீடு.

"நேரா இழுத்தா நாலு மீட்டர்தான், அங்கிள்" என்றார் கேபிள்காரர்.

"வேணாம்லா. பக்கத்து வீட்டு முருகேசன் சுவர் வழியா சுத்திப் போ."

முருகேசனிடம் கேட்டேன். "ஆணி அடிச்சுக்கடா, இதுக்கெல்லாமா கேப்ப?" என்று சிரித்தான். அவனுக்கு எதுவும் நினைவில்லை.

கூடுதல் ஒயர் பதினெட்டு மீட்டர், ஆணி பதினொன்று: ஐம்பத்து நான்கு ரிங்கிட்.