ஐப்பசி மழைக்கு முன் மூன்று பாத்தி

முதலில் வந்த ரத்தத்தை வெற்றிலைச் சாறு என்றே நினைத்தேன். வெற்றிலை தொடாத விரத நாளிலும் துப்பியது சிவந்திருந்தது. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், காசம் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்) என்றார். வலப்பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. தனி வார்டில் ஏழு மாதம், தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசக் கிருமியைக் கொல்லும் மருந்து). இருமல் அடங்கியது; ஆனால் காதுக்குள் வண்டு இரைந்தது, குனிந்தால் தலை சுற்றியது. வீட்டுக்கு அனுப்பமாட்டார்களோ என்று அதை ஒரு மாதம் மறைத்தேன். முட்டாள்தனம். நீங்கள் மறைக்காதீர்கள்.

வார்டில் இருந்தபோதே ஆடி பிறந்தது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று கேட்டு வளர்ந்தவள் நான். கத்தரியும் வெண்டையும் விதைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் அடம்பிடித்தேன். விதைத்துவிட்டேன், நன்றாக முளைத்திருக்கிறது என்றார்.

மெர்டேக்கா (மலாய் நாட்டு விடுதலை) கொடி ஏறிய வாரம், காஜா பேராங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். தெருவெல்லாம் கொடி. என் கொல்லையில் ஒரு பச்சை இல்லை. முளைத்ததாக அவர் சொன்னது என்னைத் தேற்றத்தான்; பாத்தி மூன்றும் ஓடு மாதிரி காய்ந்து கிடந்தன. விதை கருகினால் விதைக்கச் சொன்னவளும் கருகுவாள் என்று தோன்றிவிட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாச்சிக் என்போம், வேலியோரம் நின்று சிரித்தார். இந்த ஊரில் நீங்கள் விதைக்கிற மாதம் வெயில் காலம், ஆண்டு இறுதியில்தான் நல்ல மழை என்றார். எனக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் ஆடியில் விதைத்தேனே, காய்த்ததே என்று யோசித்தேன். காலையும் மாலையும் கிணற்றிலிருந்து இருபது குடம் சுமந்து ஊற்றியிருக்கிறேன்! எங்கள் ஊர்ப் பட்டத்தை இந்த மண்ணில் என் இடுப்புதான் காப்பாற்றியிருக்கிறது. அதை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்றால் நம்புவீர்களா?

இனிக் குடம் தூக்க முடியாது. சரி, ஐப்பசி மழைக்கே விதைப்போம், அதற்குள் மூன்று பாத்தியையும் நானே கொத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இனி நான் மனுஷியா, கட்டிலில் வைத்துக் காக்கிற பண்டமா என்பது அதில்தான் தெரியும்.

“பத்து நிமிஷம். மூச்சு வாங்குனா உட்காந்திரணும்மா,” என்றார் டாக்டர், கொத்தலாமா என்று நான் கேட்டதற்கு.

வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்து ஒளித்துவைத்தார். “நீ உட்காந்து சொல்லு புள்ள, நான் வெட்டுறேன்.”

“நீங்க வெட்டுனா அது உங்க பாத்தி.”

மண்வெட்டி திரும்பி வந்தது. முதல் நாள் ஐந்து கொத்து. குனியாமல் இருக்க மணை போட்டு உட்கார்ந்து கட்டிகளை உடைத்தேன். மாட்டுவண்டிக்காரர்களிடம் எருவை மட்டும் அவர் வாங்கிவந்து கொட்டினார். மக்கிய எருவும் அடுப்புச் சாம்பலும் கலந்தேன். சில நாள் காய்ச்சல் வந்து படுத்தேன். எழுந்து விட்ட இடத்தில் தொடர்ந்தேன்.

மூன்றாம் பாத்தியில் ஒரு முழம் மிச்சமிருந்தபோது வானம் இருண்டு தூற ஆரம்பித்தது. நனைந்தால் ஆபத்து என்று எனக்கும் தெரியும். அவர் ஓடிவந்தார். மண்வெட்டியைப் பிடுங்கப் போகிறார் என்று இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார்.

“ம், வெட்டு,” என்றார்.

ஆறு கொத்தில் முடிந்தது. அவர் தொப்பலாக நனைந்திருந்தார்.

முன்பு ஒரு காலையில் முடிக்கிற வேலைக்கு இரண்டு மாதம் ஆயிற்று. எனக்கு அதில் வெட்கமே இல்லை. இப்போதெல்லாம் என் மூச்சு எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே என் நாள் முடிகிறது. போன வாரம் நாடி பார்க்கக் கையைப் பிடித்த டாக்டர், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஏழு மாதக் கட்டிலில் பஞ்சாகிப் போயிருந்த கையில் புதிதாய்க் காய்ப்பு. என்ன இது என்று கேட்டார். இன்னொரு கையையும் நீட்டினேன்.