ஏழு வெந்நீர்க் கூடங்களுக்கு இரண்டு சீத்தைத் துணி

ஜப்பான் பயணத்தின் முதல் திட்டத்தைப் பெப்ரவரி மாதத்து முதல் சனிக்கிழமை காலையில் போடத் தொடங்கினேன். திகதியைச் சொல்லாமல் எதையும் தொடங்க எனக்கு வராது. டென்மார்க்கில் வசிப்பது இந்த வியாதியை இன்னும் முற்ற வைத்துவிட்டது. இங்கே எல்லோரும் வருடத்தின் கிழமைகளுக்கு ஒன்றிலிருந்து ஐம்பத்திரண்டுவரை இலக்கம் போட்டே கதைப்பார்கள். பல் வைத்தியர் பதினோராம் கிழமை வரச் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் இருபத்தொன்பதாம் கிழமை ஊரில் இருக்கமாட்டார். நாங்கள் ஜப்பான் போவது நாற்பத்தைந்தாம் கிழமை என்று முடிவாயிற்று. நவம்பர் தொடக்கம் அது. மரங்களில் இலையுதிர்கால நிறம் இருக்கும், மனைவியின் கௌரி விரதமும் முடிந்து காப்புக் கட்டி ஆகியிருக்கும்.

பயணமே அவளுடைய வலது தோளுக்காகத்தான். எங்கள் ஊரான பிரெடெரிசியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி, திருப்பி, குளிக்கவார்த்து உழைத்த தோள் அது. புது வருடத்தோடு வேலையை விட்டாள். பிரியாவிடையில் கேக்கை வெட்டிக் கொடுத்துவிட்டு, இனி என்ன செய்யப்போகிறாய் என்று கூட வேலை செய்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். சுடுதண்ணீரில் கழுத்துமட்டும் இறங்கி, ஒருவரும் கூப்பிடாத இடத்தில் இருக்கப்போகிறேன் என்றாளாம். திருகோணமலைக்காரி. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி ஊற்றியிருக்கிறாளே தவிர, சுடுதண்ணீருக்குள் இறங்கி இருந்ததில்லை.

எனக்கு அது போதுமாக இருந்தது. ஜப்பானியர் குளிப்பதைப் பற்றி நூலகம் தந்ததையெல்லாம் வாசித்தேன், ரயில் நேரங்களை அதைவிட ஆசையாக வாசித்தேன். கடைசியில் என் தேடல் கினோசாக்கி என்ற சின்ன ஊரில் வந்து நின்றது.

"ஏழு கூடம் இருக்காம் அங்கை," என்றேன்.

"ஏழோ? கன்னியாவிலையும் ஏழுதான்."

"அது கிணறு. இது குளிக்கிற கூடங்கள். விடுதியிலை உடுப்பும் மரச்செருப்பும் தருவினம். ஒண்டிலை குளிச்சிட்டு மற்றதுக்கு வீதியாலை நடந்து போறது."

"ஏழிலையும் இறங்கலாமோ?"

"ஓம், ஏழிலையும்."

அவள் கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தினாள். "அப்ப அங்கை ரெண்டு இரவு போடுங்கோ."

போட்டேன். கியோத்தோவிலிருந்து போகிற வழியில் ஃபுக்குசியாமா என்ற சந்தியில் ரயில் மாற வேண்டியிருந்தது. பிரெடெரிசியாவும் அப்படி ஓர் இடந்தான். டென்மார்க்கில் பாதிப்பேருக்கு எங்கள் ஊர் ரயில் மாறுகிற மேடையாக மட்டுமே தெரியும். முன்பின் பார்த்திராத ஃபுக்குசியாமாமீது எனக்கு ஓர் உறவுக்காரப் பாசம் வந்தது. விடுதிக்கு எழுதினேன். நாற்பத்தைந்தாம் கிழமைக்கு ஓர் அறையைப் பிடித்து வைக்கிறோம், ஜூன் கடைசிக்குள் உறுதி சொல்லுங்கள் என்று பணிவான பதில் வந்தது.

ஜூன் நடுவில் லண்டனிலிருந்து ஒரு பார்சல் வந்தது. மனைவியின் தங்கை அனுப்பியது. பிரித்தால் உள்ளே பூப்போட்ட சீத்தைத் துணி இரண்டு.

"இது என்னத்துக்கு?"

"குளிக்கத்தான். ஒண்டை நெஞ்சுக்கு மேலை குறுக்குக்கட்டாக் கட்டலாம், மற்றது மாத்த. ஏழு இடமெண்டால் ஈரத்தோடை திரியேலுமே?"

பச்சை குத்தியவர்களை விடமாட்டார்கள், தலைமுடியை உயர்த்திக் கட்டவேண்டும், சின்னத் துவாயைத் தண்ணீருக்குள் போடக்கூடாது என்று எல்லாச் சட்டங்களும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாய் அவளுக்குச் சொல்லியும் இருந்தேன். அந்தப் புத்தகங்கள் முதல் பக்கத்திலேயே சொல்லும் சட்டம் ஒன்று உண்டு. அதை மட்டும் சொல்லவில்லை. புருசனும் பெண்சாதியும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைக்கிற விசயமாக அது எனக்குப் படவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"அங்கை... துணி விடமாட்டினம்."

"எந்தத் துணி?"

"ஒரு துணியும்."

"உள்ளுடுப்பு?"

"அதுவும்தான். ஆனா பொம்பிளையள் தனிய, ஆம்பிளையள் தனிய."

"தனியவெண்டால் ஒவ்வொராளாவோ?"

"இல்லை. பொம்பிளையள் எல்லாரும் சேர்ந்து."

துணிகளை மடித்தாள். முதலில் இருந்ததைவிடச் சின்னதாக மடித்தாள். "நான் வரேல்லை. நீங்கள் போய் ரெயிலைப் பாத்திட்டு வாங்கோ."

அவளை நான் குறை சொல்லமாட்டேன். இந்த நாட்டு நீச்சல் மண்டபங்களிலும் தண்ணீருக்குள் இறங்க முதல் எல்லோரும் ஒரே அறையில் ஆடையின்றிச் சவர்க்காரம் போட்டுக் குளிக்கவேண்டும். அதனாலேயே இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒருதரம்கூட உள்ளே போகவில்லை. மகள் நீந்தி முடிக்கும்வரை காத்திருந்த சனிக்கிழமைகளெல்லாம் எங்களுக்குச் சிற்றுண்டிச்சாலையில்தான் கழிந்தன. எனக்கு ஒரு செய்தித்தாள், அவளுக்கு ஒரு கோப்பி, தண்ணீருக்கும் எங்களுக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர்.

அந்த மகள் இப்போது ஓகூஸ் நகரத்தில் வேலை செய்கிறாள். தொலைபேசியில் விசயத்தைக் கேட்டுச் சிரித்தாள். ஊரில் பாதிப்பேரைக் குளிக்கவார்த்த உனக்கு இதிலென்ன வெட்கம் அம்மா என்று வழக்கம்போல டெனிஷில் கேட்டாள்.

"அது வேலை," என்றாள் மனைவி தமிழில். "அவை உடுப்பில்லாமல் இருந்தவை. நான் உடுப்போடை நிண்டனான்."

நான் இரண்டாவது திட்டத்தில் இறங்கினேன். கினோசாக்கியை வெட்டி, அறையோடு தனித்தொட்டி உள்ள விடுதிகளை வேறு ஊர்களில் தேடினேன். ரயில் தொடர்புகள் முந்தியதைவிட அழகாக அமைந்தன. உண்மையில் மிகவும் அழகாக. அச்செடுத்து மேசையில் விரித்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொட்டியின் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"கழுத்துமட்டும் வருமோ?"

"கொஞ்சம் சரிஞ்சு இருந்தால் வரும்."

"இது எங்கடை பாத்ரூம்தானே. ஜப்பானிலை இருக்கு, அவ்வளவுதான்."

வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதல் திட்டத்தை எடுத்து அடியில் வைத்தாள், பிறகு எடுத்து மேலே வைத்தாள். அந்தத் தோளுக்கு அவள் கேட்டது ஒரேயொரு சுகம். அதற்குக் குறுக்கே ஒரு முழத் துணி நின்றது. விடுதிக்குப் பதில் சொல்ல ஒரு கிழமைதான் மிச்சம்.

அடுத்த சனி காலை அவள் ஒரு பையோடு வாசலில் நின்றாள்.

"காரை எடுங்கோ."

"எங்கை?"

"நீச்சலுக்கு. பாக்கத்தான் போறன். சரிவராட்டித் திரும்பி வாறன்."

நான் சிற்றுண்டிச்சாலையில் பழைய கதிரையில் போய் இருந்தேன். செய்தித்தாளின் ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பெண்கள் பக்கத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். கோப்பி ஆறிப்போனது. அவள் திரும்பி வரவில்லை. தற்செயலாகக் கண்ணாடிச் சுவருக்குள் பார்த்தேன். சின்னச் சுடுநீர்த் தடாகத்தின் மூலையில், மகள் எப்போதோ வாங்கிக் கொடுத்த நீல நீச்சலுடையில், கழுத்துமட்டும் இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

காரில் ஏறியதும் தலையைத் துவட்டிக்கொண்டே தொடங்கினாள்.

"சுவரிலை ஒரு படம். எங்கையெங்கை கழுவோணுமெண்டு சிவப்பு அடிச்சு. எனக்குப் படிப்பிக்கினம்!"

"அதுக்குப் பிறகு?"

"சீத்தையைக் கட்டிக்கொண்டு மூலையிலை சுவரைப் பாத்தபடி நிண்டனான். திரும்பி வருவம் எண்டுதான் நினைச்சன். பக்கத்திலை ஒரு கிழவி. ஒரு கை மேலை போகுதில்லை, என்ரை தோள் மாதிரித்தான். முதுகிலை சவர்க்காரம் போடத் தெண்டிக்குது, ஏலாமல் கிடக்கு. நான் பாத்துக்கொண்டு நிப்பனே?"

"ஓ."

"வாங்கித் தேய்ச்சுவிட்டன். முதுகு, கழுத்து, காதுக்குப் பின்னாலை. குனி எண்டன், குனிஞ்சா. மற்றக் கையைத் தா எண்டன், தந்தா. வேலையிலை நிக்கிற மாதிரியே இருந்தது. எல்லாம் முடிய அவ சொல்லுறா, 'நல்லது, இப்ப நீ திரும்பு' எண்டு."

"நீர் என்ன செய்தனீர்?"

"திரும்பினன். சீத்தை எப்பவோ நனைஞ்சு நிலத்திலை கிடந்தது. விழுந்ததை நான் காணேல்லை." ஈரத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "என்ரை முதுகை ஒராள் தேய்ச்சு எவ்வளவு காலம்."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் துவாயை மடித்து மடியில் வைத்தாள்.

"கினோசாக்கியைத் திரும்பப் போடுங்கோ."

"ரெண்டு இரவு?"

"மூண்டு."

சந்தோசத்தில் பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

"அது சரி," என்றாள். "நீங்கள்?"

"நான் என்ன?"

"ஆம்பிளையள் பக்கத்துக்கு ஆர் போறது? ரெண்டு திட்டத்தையும் நான் வடிவா வாசிச்சனான். என்ரை பக்கத்திலை 'குளிப்பு' எண்டு போட்டிருக்கு. உங்கடை பக்கத்திலை 'ரயில் நிலையத்தைப் பார்த்தல்' எண்டு எழுதி வைச்சிருக்கிறியள். மூண்டு நாளும் நிலையத்தையே பாக்கப்போறியள்?"

"அது பழைய நிலையம்," என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு வீட்டு வாசல் வரும்வரை நிற்கவில்லை.

அன்று மாலையே விடுதிக்கு எழுதி மூன்று இரவுகளை உறுதிசெய்தேன். ஃபுக்குசியாமாவும் திட்டத்துக்குள் திரும்பி வந்தது. என் பக்கத்தில் நிலையத்தை அழித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, 'குளிப்பு' என்று எழுதினேன்.

மறுசனி நீச்சல் மண்டபத்தில், ஆண்கள் பக்கத்துக் கதவடியில், அவள் பையிலிருந்து இரண்டாவது சீத்தையை எடுத்து நீட்டினாள். காய்ந்த துணி, பெரிய பெரிய செம்பரத்தம்பூ.

"இந்தாங்கோ. முதல் தரத்துக்கு மட்டும்."

"இதைக் கட்டிக்கொண்டு உள்ளுக்குப் போனால் சிரிப்பினம்."

"அப்ப கட்டாதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவும் இல்லை.

உள்ளே அந்தப் படம் இருந்தது. சிவப்பு அடித்த இடங்களை மேலிருந்து கீழாக ஒழுங்காகப் பார்த்தேன். கீழே இருந்த டெனிஷ் விளக்கத்தையும், அதற்குக் கீழே இருந்த ஆங்கில விளக்கத்தையும் வாசித்தேன். வாசிக்க வேறொன்றும் மிச்சம் இருக்கவில்லை. செம்பரத்தம்பூக்களைக் கொளுவியில் மாட்டிவிட்டுத் தண்ணீரைத் திறந்தேன்.