படத்தில் வராத முப்பது வீடுகள்

பேராதனைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் வானத்திலிருந்து செய்மதி எடுக்கும் படங்களைப் பார்ப்பது என் வேலை. வறண்ட மாவட்டங்களில் ஊர்கள் எந்தப் பக்கம் பெருகுகின்றன என்று பார்த்து, வீடு தெரிகிற இடத்தை எல்லாம் சிவப்பாக்க வேண்டும். வெளியே மழை ஊற்றும். நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் காயும் ஊர்களை அளப்போம்.

அந்த வருடம் எங்கள் வரைபடத்தை வைத்துத்தான் எந்தக் குடியேற்றத்துக்குக் குழாய்த் தண்ணீர் என்று முடிவாகும் என்றார்கள். சிவப்பு இருந்தால் குழாய். இல்லாவிட்டால் இல்லை. வவுனியாப் பக்கம் என் அண்ணன் குடும்பம் இருக்கிற இடத்தைத் தேடினேன். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயங்களை விட்டுப் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களின் முப்பது வீடுகள். படத்தில் வெறும் தரை.

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. அங்கே எல்லாம் தகரக் கூரை. தகரம் சூடேறினால் உள்ளே இருக்க முடியாது. அதனால் வைகாசியிலேயே தகரத்துக்கு மேல் தென்னோலைக் கிடுகு பரப்பிவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் காய்ந்த கிடுகும் காய்ந்த மண்ணும் ஒரே நிறம். மழைக்காலப் படங்களில் மேகம் மறைக்கும் என்று நாங்கள் எடுப்பதோ கோடைப் படங்களை மட்டும்.

மேலதிகாரி யாழ்ப்பாணத்தவர். போய்ச் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, நீர் சொல்லுறது சரியாயிருக்கும். ஆனால் படத்தில இல்லாததை நான் எப்பிடிப் போடுறது?"

"ஒரு ஆளை அனுப்பிப் பாத்தா போதும் சேர். ஒரு நாள் வேலை."

"போய்ப் பாக்கிறதெண்டால் பிறகென்னத்துக்குச் செய்மதி?" என்று சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். "உம்மட அண்ணையின்ர வீடெண்டுதானே இவ்வளவு துடிப்பு?"

ஆமாம், அதனால்தான். அண்ணன் வீடு இல்லையென்றால் நானும் வெறும் தரை என்று விட்டிருப்பேன். அதற்கு முன் எத்தனை ஊரை அப்படி விட்டேனோ, யாருக்குத் தெரியும்.

அண்ணிக்குப் போன் எடுத்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். "என்னங்க நாத்தனாரே, மேலருந்து பாத்தா நாங்க தெரியலையாமே? போன பொங்கலுக்கு வந்து தின்னப்ப தெரிஞ்சோம்ல?"

"கேலி வேணாம் அண்ணி. அடுத்த படம் எடுக்கிற வரைக்கும் கிடுகை எல்லாம் எறக்கிடச் சொல்லுங்க."

"எறக்கிட்டு? அடுப்புக்குள்ள போயி குடியிருக்கவா?"

"தண்ணி வேணுமா, வேணாமா?"

வாரத்துக்கு ஒரு முறை வருகிற தண்ணீர் பவுசர் வண்டிக்குக் குடத்தோடு நிற்பவர் அவர். "சொல்லிப் பாக்கிறேன்" என்றார்.

முப்பது வீட்டிலும் இறக்கினார்கள். அந்த வாரம் பகலில் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. மரத்தடியில் சமைத்து மரத்தடியில் படுத்தார்கள். பக்கத்து வீட்டில் பிறந்து மூன்று வாரமான குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு என்று அண்ணி சொன்னார். படம் வந்தது. முப்பது கூரையும் பளபளத்தன. சிவப்பாக்கினேன்.

கூட்டத்தில் மேலதிகாரி அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கினார். இடப்பக்கம் பழைய படம், வலப்பக்கம் புதியது. "ஒரு மாசத்துக்குள்ள எப்பிடி வளர்ந்திருக்கு பாருங்கோ!" கைதட்டினார்கள். அங்கே புதிதாக ஒரு கல்லும் வைக்கவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சிவப்பு போய்விடும்.

கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரிக்கு அந்த வேகம் மிகவும் பிடித்துவிட்டது. என்றாலும் அடுத்த மாதப் படத்திலும் பார்த்து உறுதி செய்த பிறகே குழாய்ப் பட்டியலில் சேர்க்கலாம் என்றார். மேலதிகாரி தலையாட்டினார்.

வெளியே வந்து அண்ணிக்குப் போன் எடுத்தேன். அவர்கள் அன்று காலையிலிருந்தே கிடுகைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதி வீடு முடிந்துவிட்டதாம். மறுபடியும் இறக்கச் சொன்னேன், இன்னும் ஒரு மாதத்துக்கு. அண்ணி திட்டினார். கெட்ட வார்த்தையிலேயே திட்டினார். அவர் முடிக்கும் வரை போனை வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.