ஒரு பலகைக்குப் பதினாறு பேர்

பாண்டுங் நகரத்தில் எங்கள் சந்துக்காரர்களைப் போல இரக்கமுள்ளவர்கள் கிடையாது. யாராவது ஒரு தும்மல் போட்டால், அடுத்த தும்மலுக்குள் ஏழு வீட்டிலிருந்து இஞ்சித் தண்ணீர் வந்து நிற்கும். சரி, ஏழு என்பது மிகை. மூன்று வீடு. அதிலும் ஒன்றில் இஞ்சி இருக்காது. ஆனால் இமாஸ் அலைச்சறுக்குக்குப் போகத் திட்டம் போட்ட கதையை ஊதிப் பெருக்க வேண்டியதில்லை. அது தானாகவே பெருத்துவிட்டது.

இமாஸுக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடமாக ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் நாளுக்கு நானூறு விரிப்பு மடிக்கிறாள். வீட்டுக்கு வந்த பிறகும் கை நிற்காது. ஒருநாள் கணவன் உண்டாங் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவனுடைய வாழையிலையை மடித்துவிட்டாள்.

பிறந்தது பத்து காராஸ் என்ற கடற்கரை ஊரில், மீனவர் வீட்டில். யாரோ விட்டுப்போன உடைந்த பலகையில் பத்து வயதிலேயே அலைமேல் எழுந்து நின்றவள். அந்த ஊருக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. கடைக்குப் போனால், ஊஞ்சல் கட்டிலில் படுத்தபடியே கடைக்காரர், "நீயே எடுத்துக்கோம்மா, சில்லறையும் நீயே எடுத்துக்கோ" என்பார். இமாஸ் அங்கே கடலில் இறங்கி ஒன்பது வருடமாயிற்று.

இந்த ஜூனில் அவளுக்கு மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. சலவைச் சீட்டின் பின்பக்கத்தில் திட்டம் எழுதினாள். செவ்வாய் காலை ஆறு மணிப் பேருந்து. சாயங்காலம் மாமன் மகன் சர்மானின் வீடு, அவனிடம் ஒன்பதடிப் பலகை இருக்கிறது. புதன் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நீர்மட்டம் சரியாக இருக்கும், பாறைமுனையைச் சுற்றிக்கொண்டு நீளமான அலை வரும். எல்லாவற்றுக்கும் கீழே, 'யாருக்கும் சமைக்க வேண்டாம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

வெளியூர் போகிறவள் பக்கத்து வீட்டில் சொல்லாமல் போக முடியுமா? போய்ச் சொன்னாள். அங்கேதான் தப்பு நடந்தது.

"தனியாவா போற?" வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த யோயோ அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "ஐயோ பாவமே! வீட்ல சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லக்கா. கொஞ்ச நேரம் தண்ணில இருந்துட்டு வரலாம்னு."

"தண்ணில தனியா உக்காந்து என்னடி பண்ணுவ? பேசக்கூட ஆளில்லாம? நான் வரேன் இரு."

அன்று சாயங்காலமே உண்டாங் சட்டைகளை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டான். "யோயோ அக்காவே வர்றாங்க. நான் வரலைன்னா, பொண்டாட்டிய விரட்டிட்டான்னு என்னையத்தானே பேசுவாங்க?"

சந்துத் தலைவர் பாக் ஒமானின் காதுக்குச் செய்தி போனதும் அது ஊர்க் காரியமாகிவிட்டது. கூட்டம் போட்டார், குழு அமைத்தார். தலைவர் அவரே. வேனுக்கு ஒருவர், பாட்டுப் பெட்டிக்கு ஒருவர்.

"சாப்பாட்டுப் பிரிவு?" என்று கேட்டார்.

"இமாஸ்தான்!" என்றாள் யோயோ. "அவ ஊராச்சே. எங்க மீன் நல்லாருக்கும்னு அவளுக்குத்தானே தெரியும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். இமாஸும் தட்டினாள். மாட்டேன் என்று சொல்லக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டாள்.

"புதன்கிழமை காலைல ஏழுலேர்ந்து ஒம்பது வரைக்கும் என்னை விட்டுடுங்க, தலைவரே."

"அதுக்கென்ன, தாராளமா!" என்றார் ஒமான். "சோத்தை இறக்கி வச்சிட்டுப் போம்மா."

ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் பத்தரைக்குக் கிளம்பியது. ஒருத்தி பூனையை ஒப்படைக்க ஆள் தேடினாள். ஒருவர் பல்செட்டை மறந்துவிட்டார். வேனில் பதினாறு பேர். பெரிய அலுமினியப் பானை இமாஸின் மடியில். ஏழு மணி நேரம் அதைக் கட்டிப்பிடித்தபடி, வெளியே பார்க்காமல் வந்தாள்.

புதன் காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் அடுப்பு மூட்டினாள். விறகு ஈரம். ஏழுக்குத்தான் உலை கொதித்தது. பாறைமுனையைச் சுற்றி முதல் அலை, மடிப்புக் கலையாத விரிப்பு போல, அசைந்து அசைந்து வந்தது. அவள் அரிசியைக் கிளறினாள். ஏழரைக்குக் கருவாடு பொரித்தாள்.

"இமாஸ், சம்பலுக்கு மிளகா பத்துமா?"

"இமாஸ், இந்த ஊர்ல கழிப்பறை எந்தப் பக்கம்?"

எட்டு மணி தாண்டியது. தென்னை நிழலில் பலகையோடு நின்ற சர்மான் மெல்லச் சொன்னான், "தண்ணி வடியுது இமாஸ். இன்னும் கொஞ்ச நேரத்துல பாறை தெரிஞ்சிடும்."

இமாஸ் எழுந்தாள். கரண்டியை பாக் ஒமானின் கையில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"கரண்டி."

"இத வச்சு நான் என்ன பண்றது?"

"தெரியலீங்க, தலைவரே."

பலகையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். பத்தொன்பது வருடம் மடித்த கைகள் தண்ணீரைத் துடுப்பாய்த் தள்ளின. அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய்ப் பலகையை நிறுத்தினாள். எங்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. அதற்கு அப்பால் துணைக்குப் போக முடியாது. ஒரு நல்ல அலை வந்தது. அவள் எழுந்து நிற்கவில்லை. இன்னொன்று வந்தது, அதையும் விட்டுவிட்டாள். அப்படியே பலகைமேல் குப்புறச் சாய்ந்து கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

கரையில் பதினாறில் மிச்சம் பதினைந்து பேரும் வரிசையாக நின்று கத்தினோம். "இமாஸ்! சோறு அடிப்பிடிக்குது!" "இமாஸ், உப்பு எங்கடி வச்ச?" அவள் அசையவில்லை. முழுதாக மூன்று மணி நேரம் தூங்கினாள். கடலாமை ஒன்று வந்து அவள் காலை முகர்ந்து பார்த்துவிட்டு, எழுப்ப மனம் வராமல் திரும்பிப் போயிற்று.

இதை இமாஸுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மணி நேரமெல்லாம் இல்ல, கால் மணிதான்" என்றாள். "ஆமையும் வரல. நான் தூங்கவும் இல்ல. நீங்க பதினஞ்சு பேரும் கத்தினது ஒவ்வொண்ணா காதுல விழுந்துச்சு. உப்பு எங்க இருக்குன்னும் எனக்குத் தெரியும்."