கையெழுத்துக்குக் கீழே மணி

பஞ்சாலையில் இருபத்தாறு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். ஒரு நிமிடம் பிந்தியதற்காகச் சொந்த மைத்துனனையே கேட்டோடு திருப்பி அனுப்பிய மகராசன். எதில் கையெழுத்துப் போட்டாலும் கீழே பொடியாக மணியை எழுதிவிடுவார். மகளின் கல்யாணப் பதிவேட்டில்கூட எழுதியிருக்கிறார்.

வீடு காவல் நிலையத்துக்கு அடுத்த கட்டடம். அப்புறம் சாட்சிக்கு ஆள் தேடி அலைவானேன்? "பெரியவரே, ஒரு கையெழுத்து" என்று ஏட்டு வெற்றுத்தாளை நீட்டுவார். இவரும் போட்டுத் தொலைப்பார். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடக் கோர்ட்டுக்கு அழைத்ததில்லை.

இந்த முறை அழைத்தார்கள். தண்ணீர் கேட்டுச் சாலையை மறித்த கூட்டத்தை, ஒருநாள் மாலை நாலு மணிக்குப் போலீஸ் அடித்துக் கலைத்திருந்தது. அதில் சிக்கியவன் அதே தெரு வெல்டர். அவன் பையிலிருந்து போலீஸ் ஏழு கற்களை எடுத்ததை நேரில் பார்த்ததாக டைம் கீப்பரின் கையெழுத்து. வெல்டரின் வலது கை இன்னும் நேராக நீளவில்லை. ஓடும்போது விழுந்தான் என்று எழுதியிருந்தார்கள்.

கிளம்பும்போதே மனைவி சொன்னாள்: "ஏங்க, நீங்க ஆமான்னா அவன் உள்ள போயிடுவான். அவன் பொண்டாட்டி முகத்துல எப்படி முழிக்கறது?"

"பக்கத்துல இருக்கறது போலீஸ்டி. நான் என்ன பண்ணட்டும்?"

ஒன்றும் பண்ணவில்லைதான். கூண்டில் ஏறி, அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் "ஆமாங்கய்யா" என்றார். வெட்கமாக இருந்தது. வெல்டர் பக்கம் திரும்பவேயில்லை.

வெல்டரின் வக்கீல் அம்மாள் அந்தத் தாளை நீட்டினார். "கையெழுத்துக்குக் கீழ பொடியா என்னங்க எழுதியிருக்கு?"

கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "பதினொன்னு இருபது. காலைல."

"கலாட்டா நடந்தது அதே நாள் சாயங்காலம் நாலு மணிக்கு!"

கோர்ட்டில் சிரிப்பு கிளம்பியது. அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "வயசானவருங்கய்யா. கடிகாரம் தப்பா ஓடியிருக்கும். அப்படித்தானே, பெரியவரே?"

ஆமாம் என்றால் தீர்ந்தது. வாசலில் நின்ற ஏட்டும் தலையை ஆட்டிக் காட்டினார். வெல்டரின் கையைப் பார்த்து வராத கோபம் இப்போது பொத்துக்கொண்டு வந்தது.

"என் கடிகாரமா? இருபத்தாறு வருஷத்துல ஒரு நிமிஷம் பிசகினதில்லைங்கய்யா! நான் கையெழுத்துப் போட்டப்ப மணி பதினொன்னு இருபதேதான். அப்ப அந்தத் தாள்ல ஒரு எழுத்துகூட இல்ல!"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஏட்டை வாசலில் காணோம். வீட்டுக்குப் போக அந்தக் காவல் நிலையத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

சாட்சியத்தைத் தட்டச்சு செய்து நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டு, கீழே பன்னிரண்டு பத்து என்று எழுதினார்.